துள்ளுவால் கண்ட வறட்சி: மரியன் தீவு மண்ணின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் கோட்டையும் கொத்தளமும் நம் நினைவில் எழுதல் இயல்பு. மனிதன் காலடி வைத்த இடமெல்லாம் மனிதனுக்கு மட்டுமே உரிய வரலாறு உடையது என நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அவன் காலடியின் கீழே கிடக்கும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும் குடியேற்றம் உண்டு, பஞ்சம் உண்டு, ஒரு குலம் தேய மற்றொரு குலம் நிலைபெறுதலும் உண்டு. அதனை எழுதிவைக்கக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. அளவு கருவியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு, பொறுமையுடையோர் சிலர் அண்மைக் காலத்தில்தான் அதனைப் படிக்கத் தொடங்கினர். அவ்வாறு படித்தறியப்பட்ட வரலாறுகளுள் ஒன்று, தென்னிந்தியப் பெருங்கடலின் குளிர்ந்த எல்லையில் உள்ள மரியன் தீவைப் பற்றியது. அதனைச் சுருக்கமாக ஈண்டு காண்போம்.

தீவும் அதனைக் கண்டோரும்

ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவில் இரு தீவுகள் உள்ளன. பெரியது மரியன்; அதன் பரப்பு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். சிறியது பிரின்ஸ் எட்வர்ட். இரண்டும் எரிமலை கக்கிய குழம்பால் கடல் நடுவே எழுந்தவை. எந்தக் கண்டத்தோடும் அவை ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. எனவே அங்கே மரங்கள் இல்லை. பாம்பு, தவளை இல்லை. தரைவாழ் பாலூட்டிகளும் இயற்கையில் இருந்ததில்லை. காற்றிலும் கடலிலும் பறவையின் காலிலும் ஒட்டிவந்து சேர்ந்த பாசிகளும், புற்பூண்டுகளும், சிற்றுயிர்களுமே அம்மண்ணின் பழங்குடிகள்.

1663ஆம் ஆண்டில் மார்சவீன் என்னும் டச்சுக் கப்பல் இத்தீவுகளைக் கண்டது. ஆயினும் அகலாங்கு தவறாகக் குறிக்கப்பட்டமையால், பின்வந்தோர் அவற்றைக் காணவில்லை. 1772இல் மரியோன் து ஃப்ரெஸ்ன் என்னும் பிரெஞ்சு மாலுமி அவ்வழியே வந்தார். தென்துருவப் பெருங்கண்டத்தை நெருங்கிவிட்டதாகக் கருதிய அவர், தாம் கண்ட தரைக்கு 'நம்பிக்கை நிலம்' எனப் பெயரிட்டார். அவ்வாண்டிலேயே நியூசிலாந்தில் அவர் கொல்லப்பட்டார். 1776இல் அங்குச் சென்ற கேப்டன் குக், இரு தீவுகளுக்கும் பிரின்ஸ் எட்வர்ட் பெயரைச் சூட்டினார். பெரிய தீவு மட்டும் நாளடைவில் மரியோன் பெயராலேயே வழங்கலாயிற்று.

கண்டவர் சென்றனர், கொள்ள வந்தவரோ தங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல்நாய்களின் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் வேட்டைக்காரர் அத்தீவுகளை நாடினர். அவர்தம் கப்பல்களிலிருந்து சுண்டெலிகள் மரியன் தீவில் இறங்கின. 1873ஆம் ஆண்டு டிசம்பரில், உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்ட சேலஞ்சர் கப்பல் அங்கு நின்றது. மோஸ்லி என்னும் இயற்கையறிஞர் கரையிறங்கிச் செடிகொடிகளைச் சேகரித்தார். இறுதியாக 1947ஆம் ஆண்டு டிசம்பர் முடிவிலும் 1948ஆம் ஆண்டு ஜனவரியிலும் தென்னாப்பிரிக்கா இவ்விரு தீவுகளையும் தன்னுடையன என அறிவித்துக் கொடியேற்றியது. மரியனில் வானிலை நிலையம் ஒன்றும் அமைந்தது. அன்று முதல் அங்கு மனிதர் இல்லாத ஆண்டே இல்லை.

துள்ளுவால் என்னும் சிற்றுயிர்

நம் கதையின் தலைமக்கள் அம்மனிதர் அல்லர். மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுயிர்கள். ஈரமான இலைச்சருகைப் புரட்டினால், கடுகினும் சிறிய உயிர்கள் சில திடீரெனத் துள்ளி மறைவதைக் காணலாம். வயிற்றின் அடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பை விசையோடு விடுவித்து அவை எழும்புகின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ஸ்பிரிங்டெயில் என்பர். இக்கட்டுரையில் 'துள்ளுவால்' என்று வழங்குவோம். ஆறு கால்கள் உடையவையேனும், இன்றைய அறிஞர் பலர் இவற்றைப் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை. தனி வகுப்பாகவே கொள்கின்றனர்.

இவற்றின் தொன்மை வியப்புக்குரியது. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊரின் பாறையில், 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட துள்ளுவால் ஒன்று கல்லாய்ப் படிந்து கிடந்தது. 1926இல் அதனை ஆராய்ந்து பெயரிட்ட இருவருள் ஒருவர், லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இந்தியரான சமரேந்திர மௌலிக் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் இவ்வுயிர்களைப் 'பொடூரா', அஃதாவது காலாகிய வாலுடையது, என்றார். இவற்றுக்குக் 'கொலெம்போலா' என்னும் வகுப்புப் பெயரை 1870இல் தந்தவர் ஜான் லப்பக். வங்கியாளர், பாராளுமன்ற உறுப்பினர், சார்லஸ் டார்வினின் அண்டை வீட்டார் எனப் பல நிலைகளில் விளங்கிய இவர், துள்ளுவால்களைப் பற்றிய பெருநூலை 1873இல் வெளியிட்டார். சேலஞ்சர் கப்பல் மரியனை அடைந்ததும் அவ்வாண்டிலேதான். டார்வின் மண்புழுவைப் பற்றிய தம் நூலை 1881இல் வெளியிட்டார். மண்ணுயிர் பற்றிய அறிவு கென்ட் மாவட்டத்து இரண்டு தோட்டங்களில் இவ்வாறு அடுத்தடுத்து வளர்ந்தது.

கொலெம்போலா என்ற கிரேக்கச் சொல்லில் 'பசை' என்னும் பொருள் பொதிந்துள்ளது. துள்ளுவாலின் வயிற்றில் உள்ள குழல் போன்ற உறுப்பு, ஒட்டிக்கொள்ள உதவும் பசையுறுப்பு என லப்பக் கருதியமையே அப்பெயருக்குக் காரணம். அக்குழலின் தலையாய பணி நீரை உறிஞ்சுதல் எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. பசைக்குழல் எனப் பெயர் பெற்றது உண்மையில் தாகம் தீர்க்கும் குழல்! இவ்வுயிரின் வாழ்வும் சாவும் நீரைச் சுற்றியே நிகழ்கின்றன என்பதற்கு இஃது ஒன்றே சான்று.

மண்ணில் வறட்சி என்பது யாது?

நமக்கு வறட்சி என்பது மழை பொய்ப்பது, குளம் வற்றுவது, பயிர் வாடுவது. மண்ணுக்குள் வாழும் உயிருக்கோ வறட்சி அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையேயுள்ள காற்று, நீராவி நிறைந்தது. அது தாங்கக்கூடிய முழு ஈரத்தை நூறு எனக் கொண்டால், அந்த ஈரம் ஏறத்தாழ 98.9 என்னும் அளவுக்குக் குறையும்போதே பல பயிர்கள் மீளமுடியாமல் வாடிவிடும். நூற்றில் ஒரு பங்கு குறைவுதான். ஆயினும் வேர் நீரை இழுக்க இயலாத நிலை அது. துள்ளுவால்களுட் பல தோலின் வழியே சுவாசிப்பவை. காற்றை உள்ளே விடும் தோல் நீரையும் வெளியே விட்டுவிடும். ஆதலின் அவற்றுக்கு ஈரக் குறைவு உயிர்க்கேடு.

எனினும் அவை வாளா இறந்துபடுவதில்லை. 1999இல் டென்மார்க்கைச் சேர்ந்த பெய்லி, ஹோல்ம்ஸ்டிரப் என்னும் ஆய்வாளர் இருவர், துள்ளுவால் இனம் ஒன்று வறட்சி நெருங்குகையில் தன் உடல்நீரில் சர்க்கரை போன்ற பொருள்களைச் சேர்த்துக்கொள்வதைக் கண்டறிந்தனர். உப்புப் பாத்திரம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். அவ்வாறே, உடல்நீர் செறிவடைந்த துள்ளுவாலும் காற்றின் நீராவியைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. ஆனால் இதற்குக் காலம் வேண்டும், முன்னறிகுறியும் வேண்டும். வறட்சி வரும் என்பதை உடல் முன்னதாகவே 'அறிந்து' ஆயத்தமானால் பிழைக்கலாம். அறியாத உடல் அழியும். இக்கருத்தை வாசகர் நினைவிற் கொள்க. மரியன் தீவின் கதைக்கு இதுவே திறவுகோல்.

மனிதனோடு வந்தவை

மரியன் நிலையத்தார் எலித் தொல்லைக்காக 1940-களின் இறுதியில் ஐந்து பூனைகளைக் கொண்டுசென்றனர். எலியைப் பிடிக்கச் சென்ற பூனை, தரையில் வளைதோண்டி வாழும் கடற்பறவைகளைப் பிடித்தது. 1970-களில் பூனைகள் ஆயிரக்கணக்கிற் பெருகி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பறவைகளைக் கொன்றன. பல்லாண்டு முயற்சிக்குப்பின் 1991இல்தான் கடைசிப் பூனை ஒழிந்தது. இக்கதை உலகறிந்தது.

உலகறியாத மற்றொரு வரவும் உண்டு. மனிதரும் அவர்தம் பொருள்களும் செல்லும் இடமெல்லாம் ஒட்டிய மண்ணும் செல்கிறது. அம்மண்ணில் ஒட்டி ஐரோப்பியத் துள்ளுவால்களும் மரியனில் இறங்கின. எவரும் அவற்றை அழைக்கவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. எந்தக் கப்பலில் எந்நாளில் வந்தன என்பதற்குப் பதிவேடும் இல்லை. 1965-66இல் வான் ஸிண்டெரன் பாக்கர் தலைமையில் உயிரியல், நிலவியல் ஆய்வுக்குழு ஒன்று தீவுக்குச் சென்றது. அதன்பின் அறிஞர் இனம் இனமாகப் பட்டியலிடத் தொடங்கினர். தீவுக்கே உரிய இனங்களோடு ஐரோப்பிய இனங்களும் ஒரே மண்ணில் வாழ்வது அப்போதும் பின்னரும் தெளிவாயிற்று.

வானம் மாறியது

வானிலை நிலையத்தின் பணியாளர் நாள்தோறும் வெப்பத்தையும் மழையையும் அளந்து எழுதினர். கடுங்காற்றிலும் பனிமழையிலும் நாள் தவறாது செய்த பணி அது. மரியன் மிக ஈரமான தீவு. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவதாய் இருந்தது. சிங்கப்பூர் பெறும் மழைக்கு ஏறத்தாழ இணை எனலாம். வெப்பம் மட்டும் ஐந்து, ஆறு பாகையளவே.

அரை நூற்றாண்டின் பதிவுகளை ஒருங்கே வைத்து நோக்கியபோது ஒரு மாற்றம் புலப்பட்டது. 1969 முதல் 1999 வரையிலான முப்பது ஆண்டுகளில் தீவின் சராசரி வெப்பநிலை 1.2 பாகை செல்சியஸ் உயர்ந்துவிட்டது. மழையும் குறைந்தது. மழைப்பதிவு உள்ள பத்தாண்டுகளுள் 1990-களே மிக வறண்டவை. வெப்பமும் வறட்சியும் கைகோத்து வந்தன. அந்த நாட்குறிப்புகள் இல்லையேல் இம்மாற்றத்தை எவரும் உறுதிப்படுத்தியிருக்க இயலாது.

இங்கேதான் வினா பிறந்தது. தீவு வெப்பமுற்று வறண்டால், அதன் பழங்குடித் துள்ளுவால் பிழைக்குமா? கொண்டுவரப்பட்ட துள்ளுவால் பிழைக்குமா?

2007ஆம் ஆண்டின் ஆய்வு

இவ்வினாவுக்கு விடை தேடியவர் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சௌனும் அவர்தம் குழுவினரும் ஆவர். அவர்கள் தீவுக்குரிய இனங்களையும் கொணரப்பட்ட இனங்களையும் திரட்டினர். ஒவ்வோர் இனத்திலும் ஒரு பகுதியைக் குளிரிலும் ஒரு பகுதியை அதனினும் மிகுந்த வெப்பத்திலும் சில நாள் பழக்கினர். அதன்பின் எல்லாவற்றையும் வறண்ட காற்றில் வைத்து, எவை எவ்வளவு நேரம் உயிர் தாங்குகின்றன என்று கணக்கிட்டனர்.

முடிவு தெளிவாய் இருந்தது. வெப்பத்தில் பழகிய பின், கொணரப்பட்ட இனங்கள் வறட்சியை முன்னினும் நன்றாகத் தாங்கின. தீவுக்குரிய இனங்களோ, வெப்பத்தில் பழகிய பின் வறட்சியை முன்னினும் குறைவாகவே தாங்கின. ஒரே வெப்பம் ஒன்றுக்குக் கவசம் ஆயிற்று. மற்றொன்றுக்குக் கேடு ஆயிற்று.

ஆய்வுக்கூடத்து முடிவு திறந்த வெளியிலும் பொருந்துமா என ஐயுறுவது அறிவுடைமை. அதற்கும் சான்று கிடைத்தது. மரியனில் மெத்தை போல் தரையோடு படர்ந்து வளரும் அஸொரெல்லா என்னும் செடியின்மேல் மறைப்புகள் அமைத்து, மழையைக் குறைத்து, வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தனர். அச்செடியினுள் வாழ்ந்த தீவுக்குரிய துள்ளுவால்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. கொணரப்பட்டவற்றின் எண்ணிக்கையிற் பெரிய மாற்றம் இல்லை.

காரணமும் அதன் எல்லையும்

இவ்வேறுபாடு ஏன்? கொணரப்பட்ட இனங்கள் வளைந்துகொடுக்கும் ஆற்றல் மிக்கவை, தீவுக்குரியவை அவ்வாற்றல் இல்லாதவை என்று எளிதாய்ச் சொல்லிவிட முடியாது. இருசாராரும் வெப்பத்துக்கேற்ப மாறவே செய்தனர். மாறும் அளவில் வேறுபாடில்லை. மாறும் திசையில்தான் வேறுபாடு என்பதே ஆய்வாளர் வற்புறுத்திய உண்மை.

அத்திசை எவ்வாறு அமைந்தது என்பதைத் தாயகம் கொண்டு உணரலாம். ஐரோப்பிய மண்ணில் கோடை வெப்பம் வந்தால், அதன் பின்னே வறட்சியும் வரக்கூடும். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்த உயிரின் உடல், வெப்பத்தை வறட்சியின் தூதனாகக் கொண்டு ஆயத்தமாகக் கற்றுக்கொண்டது எனக் கருத இடமுண்டு. மரியனிலோ நெடுங்காலமாக வெப்பம் கூடினாலும் ஈரம் குறைந்ததில்லை. ஆகவே அத்தீவின் உயிருக்கு வெப்பம் எச்சரிக்கை ஆகவில்லை. அதன் உடல் பிழைபட்டது அன்று. அது கற்ற பாடம் பழைய வானத்துக்கு உரியது. வானம் மாறியபின் அப்பாடம் உதவவில்லை.

இதன் எல்லையையும் கூறுதல் நேர்மை. கொண்டுவரப்பட்ட உயிர் ஒவ்வொன்றும் வறட்சியை வெல்லும் என்பது இவ்வாய்வின் கூற்றன்று. மிதக்குளிர் நிலங்களில், வெப்பத்தோடு வறட்சியும் சேரும் இடங்களில், அவை மேம்பட்ட நிலையை அடையக்கூடும் என்பதே கூற்று. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, துருவம் அண்டிய தீவு முதல் வெப்பமண்டலம் வரையிலான துள்ளுவால்களை ஒப்பிட்டு, கொணரப்பட்டவை தீவிர வெப்பத்தைச் சராசரியாக ஏறத்தாழ 3 பாகை கூடுதலாகத் தாங்குவதாகக் கண்டது. வறட்சி வேறு, வெப்பம் வேறு; எனினும் இரண்டு சான்றுகளும் ஒரே பக்கம் சாய்கின்றன.

துள்ளுவால் ஒழிந்தால் நமக்கென்ன எனக் கேட்போர் உளர். செத்த இலையும் பூசணமும் தின்று அவற்றை மீண்டும் மண்ணாக்கும் பணியில் இவ்வுயிர்களுக்குப் பங்கு உண்டு. மரமும் மாடும் இல்லாத தீவில், செடிக்கு உணவு சேர்ப்பதில் இச்சிற்றுயிர்களின் உழைப்புக்கு மதிப்பு மிகுதி. சுண்டெலிகளோ மண்ணில் உழைக்கும் மற்றோர் இனமான அந்துப்பூச்சிப் புழுக்களைத் தின்கின்றன. தீவு வெப்பமுற அவ்வெலிகளும் பெருகின. மேலும், நெடுங்காலம் தனிமையில் உருவான ஓர் இனம் அழிந்தால், அதனை மீண்டும் படைக்கும் ஆய்வுக்கூடம் உலகில் இல்லை.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

இக்கட்டுரையில் 'வந்தேறி' என்னும் சொல்லை நாம் ஆளவில்லை. காரணம் இரண்டு. இச்சிற்றுயிர்கள் தாமாக வரவில்லை, மனிதனால் கொணரப்பட்டன. ஆதலின் 'கொணரப்பட்டவை' என்பதே உண்மைக்குப் பொருந்தும் சொல். மற்றொன்று, புலம்பெயர்ந்து உழைத்து மண்ணை வளமாக்கிய மக்களின் பிள்ளைகள் நாம். அச்சொல் மனிதர்மேல் வீசப்படும்போது எத்துணைப் புண்படுத்தும் என்பதை நாம் அறிவோம். உயிரினங்களைப் பற்றிய அறிவியல் மனிதக் குலங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. எல்லா மனிதரும் ஓரினம். வகுப்பறையில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்குதல் நலம்.

ஆசிரியர்க்கு ஒரு பரிந்துரை

மண்ணுயிரைக் காண மரியன் தீவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இத்தாலியரான பெர்லீஸ் 1905இலும், சுவீடன் நாட்டு டுல்கிரென் 1918இலும் உருவாக்கிய எளிய கருவி ஒன்று உண்டு. ஒரு புனலில் வலை இட்டு, அதன்மேல் ஈரச் சருகையும் மண்ணையும் பரப்பி, மேலே மின்விளக்கை எரியவிடுதல் வேண்டும். கீழே ஈரத்தாள் இட்ட கண்ணாடிக் குப்பியை வைத்தல் வேண்டும். விளக்கின் வெப்பத்தால் மண் மேலிருந்து உலர்ந்துவர, உள்ளிருக்கும் உயிர்கள் ஈரம் தேடிக் கீழிறங்கிக் குப்பியில் விழும். வறட்சிக்கு அஞ்சி ஓடுதலே இவ்வுயிர்களின் இயல்பு என்பதை இக்கருவியே கற்பித்துவிடும். ஒரு பிடி மண்ணில் எத்தனை வகை உயிர்கள் என மாணவர் எண்ணி, நாளும் இடமும் குறித்து எழுதிவைப்பாராயின், அது வெறும் விளையாட்டாகாது.

மரியன் தீவு நமக்குக் காட்டும் உண்மை இதுவே. நாள்தோறும் மழையை அளந்தவரும், மண்ணைச் சலித்து உயிரை எண்ணியவரும் இல்லையேல், அங்கு நிகழ்ந்த மாற்றம் எவர் கண்ணிலும் படாமலே முடிந்திருக்கும். அத்தீவுக்குச் செல்வோர் காலணியையும் ஆடையையும் தூய்மை செய்த பின்னரே கரையிறங்குதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு இன்று உள்ளது. அருகிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் எலிகள் கால்வைக்கவில்லை. அங்குச் செல்ல ஆய்வாளர்க்கே அரிதாகத்தான் இசைவு கிடைக்கும். காலணியில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண், ஒரு தீவின் வரலாற்றை மாற்றவல்லது என்பதை மனிதன் காலம் கடந்தேனும் கற்றுக்கொண்டான். கற்றதைக் கடைப்பிடிப்பதே இனி அவன் கடமை.